சிபாரிசு பாவமா?

"ஏட்டி, நமக்கு அங்கே யாரைத் தெரியும்?"

என் தோழி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. பெயரைச் சொன்னால் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டாள். ஆகவே பெயர் வேண்டாம். அவள் கதை எழுதுவாள். கணக்கு நோட்டின் முன்பக்கத்தில் முக்கோணவியல். அதே நோட்டைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் கதை. இரண்டும் நடுவில் சந்திக்கும் நாளில் அம்மாவிடம் அகப்பட்டுக்கொள்வேன் என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய பாட்டி சிறுமியாக இருந்தபோது விடியுமுன்னே வண்டி வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகுமாம். அதைத்தான் கதையாக எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இதைச் சென்னைக்கு ஏதாவது பத்திரிகைக்கு அனுப்பேன்" என்றேன். அப்போது கேட்ட கேள்விதான் அது.

அவள் கேட்டதில் தவறில்லை. நம் வீடுகளில் 'சிபாரிசு' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. கல்லூரியில் இடம் வேண்டுமா, வங்கியில் கடன் வேண்டுமா, யாரைப் பிடிக்கலாம் என்று பெரியவர்கள் யோசிப்பதைக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். சிபாரிசு உள்ளவன் முன்னே போவான், இல்லாதவன் வரிசையில் நிற்பான். ஆகையால், ஒரு புத்தகம் தெரிந்தவர் மூலம் அச்சேறியது என்று கேள்விப்பட்டவுடனே, "ஓகோ, அப்படியா சங்கதி!" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். உண்மையான திறமை தானே வெளிவரும், யார் தயவும் அதற்கு வேண்டாம் என்பது நம்மில் பலருடைய கட்சி.

நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். இப்போது இல்லை. ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் நம் மலைக்குப் போவோம். வெட்டுவான் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் அதற்கு மேலே பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் சமணத் திருவுருவங்களையும் பார்க்கிறார்கள். அவற்றின் கீழே உள்ள வட்டெழுத்தை யாரும் நின்று கவனிப்பதில்லை. பாண்டியர் காலத்து எழுத்து அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இந்த உருவத்தைச் செய்வித்தவர் இன்னார் என்று அவை கூறுகின்றன. பல இடங்களில், இன்னாருடைய மாணாக்கர் இன்னார் என்றும் கூறுகின்றன. அந்த ஆசிரியர்களுள் குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் உண்டு! நம் ஊர் மலையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண் துறவியர் பாடம் சொல்லியிருக்கிறார்கள். மாணாக்கர் தம் பெயரோடு ஆசிரியர் பெயரையும் சேர்த்துப் பாறையில் வெட்டிவைத்தார்கள். தனியாக நிற்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

அடுத்தது நன்னூல். நூலுக்குச் சிறப்புப் பாயிரம் யார் எழுத வேண்டும் என்று பவணந்தி முனிவர் சொல்லும்போது நான்கு பேரைக் குறிக்கிறார்: நூல் செய்தவனுடைய ஆசிரியன், அவனோடு படித்தவன், அவனுடைய மாணாக்கன், அந்நூலுக்கு உரை செய்தவன். இதைத் தமிழம்மா வகுப்பில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நால்வரில் முதல் மூவரும் தெரிந்தவர்கள்! உரைகாரரும் அந்நூலோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். வழியோடு போகிறவரைக் கூப்பிட்டுப் பாயிரம் எழுதச் சொல்ல நம் முன்னோர் நினைக்கவில்லை. அந்த நூலை அறிந்தவரே அதைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

கழுகுமலை முருகன் மீது பாடப்பட்ட காவடிச் சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தவர் ஊற்றுமலை ஜமீன்தார். பிற்காலத்தில் அந்தக் கவிஞரின் வரலாற்றை ஆராய்ந்து எழுதியவர் பக்கத்து இடைசெவலைச் சேர்ந்த கு. அழகிரிசாமி. அந்த அழகிரிசாமிக்கு அதே ஊரில் ஒரு நண்பர் இருந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத விவசாயி அவர். அழகிரிசாமி முன்னால் சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்துப் பெயர் பெற்றார். நண்பர் கரிசலிலேயே இருந்து, முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் கதைகளை அச்சுக்கு அனுப்பத் தொடங்கினார். 1958-ல் 'சரஸ்வதி'யில் அவருடைய 'மாயமான்' வந்தது. ஆம், அவர்தான் கி. ராஜநாராயணன். ஒரே தெருப்புழுதியில் விளையாடிய இருவருக்கும் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. ஒருவருக்கொருவர் வாசகராக அவர்கள் இருந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கிறிஸ்தவ எழுத்தாளர்களைப் பற்றி. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர் என்பது நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த செய்தி. அவர் மாயவரத்தில் முன்சீப். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பர்; அவர்மீது 'குளத்துக் கோவை' என்று ஒரு கோவையே பாடியவர். பதவியும் புலவர் நட்பும் உடைய ஒருவர் நூல் வெளியிடுவதில் வியப்பு என்ன என்று என் தோழி கேட்பாள். கேட்கட்டும். ஆகவே, பதவி ஏதும் கைகொடுக்காத இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் ஹெப்சிபா ஜேசுதாசன். 1925-ல் பர்மாவில் பிறந்தவர்; நாஞ்சில் நாட்டுப் பக்கத்துக் குடும்பம்; சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தார். வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த அவர், பனையேறிகளின் பேச்சுத் தமிழில் 'புத்தம் வீடு' என்ற நாவலை எழுதினார். பெரிய வீட்டில் பிறந்து, பெரியவளானதும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்படும் லிஸி என்ற பெண்ணின் கதை அது. லிஸியின் மனம் ஒரு பனையேறியின் மகனிடம் போகிறது. இப்படி ஒரு கதையை எழுதியவர் அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? அவருடைய கணவர் ஜேசுதாசன் தமிழ்ப் பேராசிரியர். அவர் மனைவியை எழுதத் தூண்டினார். அவர்களுடைய நண்பராகிய நாகர்கோவில் சுந்தர ராமசாமி அதை நூலாக்கத் துணைநின்றார். 1964-ல் தமிழ்ப் புத்தகாலயம் வெளியிட்டது. கணவர், கணவரின் நண்பர், பதிப்பகம். இப்படி வரிசையாகச் சொன்னால் சிபாரிசுக் கதை போலத்தான் தோன்றும். ஆனால் கணவரின் நண்பர் சொன்னார் என்பதற்காக அறுபது ஆண்டுகளாக யாரும் ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். சிபாரிசு கதவைத்தான் திறக்கும். உள்ளே போய் உட்காருவது புத்தகத்தின் சாமர்த்தியம்.

இன்னொருவர் பாமா. இவர் நம் கத்தோலிக்க சபையிலேயே பிறந்தவர், ஊரும் தூரமில்லை. இங்கிருந்து வடக்கே, திருவில்லிபுத்தூரைத் தாண்டி, வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. 1958-ல் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார். ஆசிரியை ஆனார். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழாண்டுகள் இருந்து, மனம் ஒப்பாமல் 1992-ல் வெளியே வந்தார். வேலை இல்லை, கையில் பணம் இல்லை. சொந்த ஊரில் தம்மையே அந்நியராக உணர்ந்த காலம் அது. அப்போது நண்பராகிய குருவானவர் ஒருவர், உம்முடைய சிறுபிராயத்து நினைவுகளை எழுதிப் பாரும் என்று சொன்னாராம். எழுதினார். அச்சில் வரவேண்டும் என்று எழுதியதல்ல. மனப்பாரத்தை இறக்கிவைக்க எழுதியது. அதைப் படித்தவர்கள் இது நூலாக வரவேண்டும் என்றார்கள். மதுரையில் சேசு சபையினர் நடத்திவந்த சமூக ஆய்வு மையம் அதே 1992-ல் அதை வெளியிட்டது. அதுதான் 'கருக்கு'.

பனைமட்டையின் இருபுறமும் ரம்பம் போல் இருக்குமே, அதுதான் கருக்கு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியதில்லை. நம் கால்களில் தழும்பு இருக்கிறது. அந்நூலில் ஊரின் சாதிக்கொடுமை இருக்கிறது. சபைக்குள்ளே இருந்த பாகுபாடும் இருக்கிறது. கன்னியர் மடங்களைப் பற்றிய கடுமையான குறைகளும் இருக்கின்றன. கன்னியர் நடத்தும் பள்ளியின் ஆண்டு மலரில் இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. எண்ணிப் பாருங்கள்! சபையைக் குறை சொன்ன புத்தகத்தை அச்சிட்டவர்கள் யார்? அதே சபையின் துறவியர். அவர்களுக்கு அவரைத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால் அவர் சொல்வது பொய்யல்ல என்பதும் தெரிந்திருந்தது. முன்பின் அறியாத பதிப்பாளர் ஒருவரின் மேசைக்கு அந்தக் கையெழுத்துப் பிரதி போயிருந்தால், பேச்சுத் தமிழில் எழுதியிருக்கிறாயே அம்மா, திருத்தி எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருக்க மாட்டாரா?

(இந்தப் பத்தியை ஆண்டு மலர்க் குழுவினர் வெட்டாமல் விட்டிருந்தால், என் கட்சிக்கு அதுவும் ஒரு சாட்சி.)

நூல் வந்தபின் அவருடைய ஊரார் கோபங்கொண்டார்கள். சில மாதங்கள் ஊருக்குள்ளேயே வரவேண்டாம் என்றார்கள். தெரிந்தவர்கள் அச்சிட உதவலாம். அச்சானபின் வரும் சிலுவையை எழுதினவர்தான் சுமக்கவேண்டும். பிறகு ஊராரும் அது தங்கள் கதை என்று புரிந்துகொண்டார்கள். 1994-ல் 'சங்கதி' வந்தது. 2000-ல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 'கருக்கு'வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்புக்காகப் பரிசும் கிடைத்தது. புதுப்பட்டியின் பேச்சு உலகமெங்கும் பல்கலைக்கழகங்களுக்குப் போயிற்று.

வெளிநாட்டிலிருந்தும் ஒரு கதை சொல்கிறேன்; எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த கதை. இங்கிலாந்தில் டோல்கீன் என்ற பேராசிரியர் இருந்தார். நல்ல கத்தோலிக்கர். தாய் தந்தையரை இழந்த அவரை வளர்க்கும் பொறுப்பை ஏற்றவர் ஒரு குருவானவர். தம் பிள்ளைகளுக்காக அவர் 'ஹாபிட்' என்ற கதையை எழுதித் தட்டச்சு செய்து வைத்திருந்தார். பதிப்பாளர் யாரிடமும் கொடுக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் கன்னியர் நடத்திய மாணவியர் விடுதி ஒன்று இருந்தது. அதன் மதர் சளிக்காய்ச்சலில் படுத்திருந்தபோது, பொழுதுபோகட்டும் என்று அந்தக் கதையை அவருக்குக் கொடுத்தாராம்! அந்த விடுதியில் டோல்கீனின் பழைய மாணவி ஒருவர் தங்கியிருந்தார். லண்டனில் பதிப்பகத்தில் வேலைபார்த்த தம் தோழியிடம், இப்படி ஒரு கதை இருக்கிறது, கேட்டு வாங்கிப் படி என்று அவர் சொன்னார். தோழி வாங்கிக்கொண்டு போனார். பதிப்பக முதலாளி தாமே முடிவு செய்யாமல், தம்முடைய பத்து வயது மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவன் கருத்து எழுதிக் கொடுத்தான். ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டான். 1937-ல் புத்தகம் வெளிவந்தது. இன்று உலகத்தில் அதை அறியாதவர் குறைவு. காய்ச்சலில் கிடந்த மதர், விடுதி மாணவி, அவள் தோழி, பத்து வயதுப் பையன். இவர்களில் ஒருவர்கூடப் பெரிய அதிகாரி அல்லர்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. எல்லோரும் அந்தப் பிரதியைப் படித்தார்கள். என்னைப் பொறுத்தவரை விஷயம் இங்கேதான் இருக்கிறது. படிக்காமல், "நம்ம பையன், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்வது ஒரு வகை. அது பாவம்தான், வரிசையில் நிற்கிறவனுடைய இடத்தைத் திருடுகிறது. படித்துவிட்டு, "இதை நீங்களும் படியுங்கள்" என்று சொல்வது வேறு வகை. அது யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை. இரண்டுக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருப்பதுதான் குழப்பம்.

விவிலியத்தையே பாருங்கள். மனம் மாறிய சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் பயந்து ஒதுங்கினார்கள். பர்னபாதான் அவரை அழைத்துக்கொண்டு போய்த் திருத்தூதர்களிடம் நிறுத்தி, இவருக்கு நடந்தது இது என்று எடுத்துச் சொன்னார். பின்னர் தார்சு நகருக்கே தேடிப் போய் அவரைக் கூட்டிவந்தார். பர்னபா கைபிடித்து அழைத்துவந்த மனிதர் எழுதிய கடிதங்களைத்தான் இன்றும் திருப்பலியில் வாசிக்கிறோம். (என் பாட்டிக்கு அவர் இன்றும் சின்னப்பர்தான்.) அந்தக் கடிதங்களுள் பிலமோனுக்கு எழுதியது என்ன? ஓடிப்போன அடிமை ஒனேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கும் சிபாரிசுக் கடிதம்!

இதற்கு என் அண்ணன் ஒரு தடை சொன்னான். இந்தக் காலத்தில் கைப்பேசி இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் கதையை வெளியிடலாம், பதிப்பாளரும் வேண்டாம், தெரிந்தவரும் வேண்டாம் என்றான். வெளியிடலாம், உண்மைதான். என் தோழியும் ஒரு கதையை அப்படிப் போட்டுப் பார்த்தாள். உறவுக்காரர்கள் பதினொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அவர்களில் எத்தனை பேர் கடைசி வரி வரை படித்தார்கள் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். இந்த இடத்தில் பாட்டி அப்படிப் பேசமாட்டாள், மாற்று என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையே எப்படி வந்தது? என் அக்கா இதே பள்ளியில் படித்தவள். ஆண்டு மலர்க் குழுவில் இருந்தவள். அவள் பெயரைச் சொல்லித்தான் சிஸ்டர் என்னை எழுதச் சொன்னார்கள். என்னைவிட நூறு மடங்கு நன்றாக எழுதும் என் தோழியை யாரும் கேட்கவில்லை. அவள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் பெண் அவள்தான். அக்கா இல்லாதவளுக்கு அக்கா யார்?

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. நம் சிஸ்டர்கள் ஒரு மடத்திலிருந்து இன்னொரு மடத்துக்கு மாறிப் போகிறார்கள். பல ஊர்களில் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் உண்டு. நம் பங்குக் குருக்களுக்கு மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் படித்த நண்பர்கள் இருக்கிறார்கள். நம் பழைய மாணவியர் சென்னையில் வேலையில் இருக்கிறார்கள். கரிசல் காட்டில் இருக்கும் நமக்கு யாரையும் தெரியாது என்பது முழு உண்மை அல்ல. நமக்குத் தெரிந்தவர்களுக்குப் பலரைத் தெரியும். மாதம் ஒரு நாள், கடைசிப் பிரிவேளையில், கதை எழுதும் பிள்ளைகள் கதையை வாசிக்கவும் மற்றவர்கள் குறை நிறை சொல்லவும் இடம் கொடுத்தால் போதும். நன்றாக இருப்பதைச் சிஸ்டர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு, தாங்கள் படித்தபிறகு, அனுப்பிவைக்கட்டும். அந்தக் கதையில் தேவதைகளும் திருந்திய குடிகாரர்களும் மட்டும் வரவேண்டும் என்று தயவுசெய்து சொல்லாதிருக்கட்டும். பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பத்தாம் வகுப்புப் பரீட்சையை வைத்துக்கொண்டு கதை என்ன கதை என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கதையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

போன மாதம் தோழியின் சம்மதத்தோடு அவளுடைய நோட்டைத் தமிழம்மாவிடம் கொடுத்தேன். கணக்குப் பாடமும் அதிலேயே இருப்பதால் சீக்கிரம் வேண்டும் என்று அவள் நச்சரித்தாள். நான்காம் நாள் நோட்டு திரும்பி வந்தது. பாராட்டு ஒரு வரிகூட இல்லை. மூன்று சந்திப்பிழைகளைத் திருத்தியிருந்தார்கள். கதையின் முடிவில், ஓரத்தில், பென்சிலால் ஒரு கேள்வி: "வண்டி ஓட்டியவருக்கும் பிள்ளைகள் இருந்தார்களா?"

அவள் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். மறுநாள் பாட்டியிடம் போய்க் கேட்டாளாம். இப்போது முக்கோணவியலுக்குப் பக்கம் மிச்சமில்லை. புது நோட்டு வாங்கியிருக்கிறாள்.